சுழல் துப்பாக்கியும் இல்லறத்தான் கடமையும்

ஈயெறும்புக்கும் தீங்கு நினைக்கக் கூடாது, பொழுது சாயுமுன் உண்டு முடிக்க வேண்டும் என்று வளர்க்கப்பட்ட தமிழ்ச் சமணன் ஒருவன், துப்பாக்கியைப் பற்றிக் கட்டுரை எழுதுவதா என்று அன்பர்கள் சிலர் புருவத்தை உயர்த்தக்கூடும். கேள்வி நியாயமானதுதான். ஆனால் காரணம் இருக்கிறது. கழக்கூட்டத்தில் நான் தராசும் எடைக்கல்லும் விற்கும் கடை வைத்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இந்த வட்டாரத்தில் சைனிக் பள்ளி இருக்கிறது. பக்கத்திலே பள்ளிப்புரத்தில் மத்திய ரிசர்வ் போலீஸ் படையின் முகாம் இருக்கிறது. ராணுவத்திலும் போலீசிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்று இங்கேயே வீடு கட்டிக்கொண்ட தமிழ்க் குடும்பங்களும் உண்டு. அவர்களில் சிலர் வீட்டில் லைசென்ஸ் துப்பாக்கி இருக்கிறது. இன்னொரு பக்கம், நம் பிள்ளைகள் ஒலிம்பிக் பதக்கங்களைப் பார்த்துவிட்டு, “தாத்தா, நானும் பிஸ்டல் சுடப் போகட்டுமா?” என்று கேட்கிறார்கள். இரண்டுக்கும் பதில் சொல்ல நம்மில் பலருக்கு விவரம் போதவில்லை. பயப்படுகிறோம், அல்லது சினிமாவில் பார்த்ததை நம்புகிறோம்.

ஆகவே, குறி பார்த்துச் சுடுவதற்கென்றே செய்யப்பட்ட பழைய சுழல் துப்பாக்கி, அதாவது டார்கெட் ரிவால்வர், என்றால் என்ன, அதை வைத்திருப்பது எப்படிப்பட்ட பொறுப்பு என்று படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதை இங்கே தொகுத்துத் தருகிறேன். தோட்டா போட்ட துப்பாக்கியை நான் கையில் எடுத்தவன் இல்லை. சுடுதளத்தில் பார்வையாளனாக நின்றவன் மட்டுமே.

பெயர் விளக்கம்

‘துப்பாக்கி’ என்ற சொல்லைத் தமிழின் ‘துப்பு’ என்ற வலிமைச் சொல்லோடு முடிச்சுப் போட்டுச் சிலர் மேடையில் கைதட்டல் வாங்குவாங்க. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அது துருக்கிய வழியில் வந்த சொல் என்பதே அகராதிக்காரர் முடிவு. மலையாளத்தார் ‘தோக்கு’ என்கிறார்கள். நாம் கையில் பிடிக்கிற சின்னத் துப்பாக்கி எல்லாவற்றையும் ‘கைத்துப்பாக்கி’ என்று ஒரே பெயரில் அடக்கிவிடுகிறோம். இதில்தான் குழப்பம் தொடங்குகிறது.

கைத்துப்பாக்கியில் இரண்டு பெரிய பிரிவு உண்டு. தோட்டாக்களை ஒரு வட்ட உருளைக்குள் தனித்தனி அறையில் போட்டு, ஒவ்வொரு தடவையும் அந்த உருளை சுழன்று அடுத்த அறையைக் குழலுக்கு நேரே கொண்டுவந்தால் அது ரிவால்வர், சுழல் துப்பாக்கி. பிடிக்குள் இருக்கும் பெட்டியிலிருந்து தோட்டா ஒன்றன்பின் ஒன்றாகத் தானே மேலேறி வந்தால் அது தானியங்கிப் பிஸ்டல். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் பிஸ்டலால். அது ரிவால்வர் அல்ல. வாஞ்சியின் ஊரான செங்கோட்டை அன்று நம் திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது, அவர் வேலை பார்த்தது புனலூர் வனத்துறையில். அப்படி நமக்கு மிக நெருங்கிய சரித்திரத்தையே பலர் “ரிவால்வரால் சுட்டார்” என்று எழுதிவிடுகிறார்கள்.

சுழலும் உருளையின் சூட்சுமம்

1836-ல் அமெரிக்காவில் சாமுவேல் கோல்ட் இந்தச் சுழல் அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். அப்போதெல்லாம் மருந்தையும் குண்டையும் தனித்தனியாக அறைக்குள் திணிக்க வேண்டும். 1857-ல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனி, மருந்தும் குண்டும் ஒன்றாக அடங்கிய உலோகத் தோட்டாவைப் பின்பக்கமாகப் போடும் ரிவால்வரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்றைக்கு நாம் பார்க்கும் ரிவால்வருக்கெல்லாம் மூலம் அதுதான்.

விசையை இழுத்தால் மூன்று காரியம் நடக்கிறது. உருளை ஓர் அறை சுழல்கிறது. பின்னால் உள்ள சுத்தியல் (பழைய பேச்சில் ‘குதிரை’ என்பார்கள்) பின்னுக்குப் போகிறது. பிறகு விடுபட்டுத் தோட்டாவின் அடியில் மோதுகிறது. இவ்வளவையும் ஒரே இழுப்பில் செய்தால் விரலுக்குக் கனம் அதிகம், கை ஆடும். மாறாக, கட்டைவிரலால் சுத்தியலை முன்கூட்டியே பின்னுக்கு வைத்துக்கொண்டால் விசைக்கு மிஞ்சுவது கடைசிக் காரியம் மட்டும். அப்போது ஒரு சின்ன அழுத்தம் போதும். குறி பார்த்துச் சுடுபவர்கள் இந்த இரண்டாவது முறையையே கையாண்டார்கள்.

இதில் ஒரு பலவீனமும் இருக்கிறது. உருளைக்கும் குழலுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் உருளை சுழலாது. ஆறு அறையும் குழலுக்கு அச்சு அசலாக நேர்கோட்டில் நிற்க வேண்டும். ஓர் அறை துளி விலகினாலும் அந்த அறையின் தோட்டா மட்டும் விலகிப் போகும். ஆகவே நல்ல டார்கெட் ரிவால்வர் என்பது ஆறு துப்பாக்கியை ஒன்றாகச் சமன் செய்வதற்குச் சமம். ஆறு தட்டுள்ள தராசைச் சமன்படுத்தச் சொன்னால் எந்தத் தொழிலாளியும் கும்பிடு போட்டுவிடுவான்! அதனால்தான் அந்தக் காலத்துக் கைவேலைக்கு இன்றும் மதிப்பு.

குறிக்கென்றே செய்தவை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தில் பிஸ்லி என்ற ஊரில் தேசிய துப்பாக்கிச் சங்கத்தின் போட்டிகள் நடந்தன. 1890 முதல் அதுவே அவர்களுடைய நிலையான களம். அங்கே பேர் வாங்கியவர் வால்டர் வினான்ஸ் என்ற அமெரிக்கர். 1901-ல் ரிவால்வர் சுடும் கலை பற்றித் தனிப் புத்தகமே எழுதினார். 1908 ஒலிம்பிக்கில் ஓடும் மான் உருவத்தைச் சுடும் போட்டியில் தங்கம் பெற்றார். 1912-ல் சிற்பக்கலைக்காக இன்னொரு ஒலிம்பிக் தங்கம் பெற்றார். அப்போது கலைக்கும் ஒலிம்பிக்கில் பதக்கம் உண்டு. துப்பாக்கியையும் உளியையும் ஒரே கை பிடித்தது என்பதை யோசித்துப் பாருங்கள்.

பின்னாளில் அமெரிக்கக் கம்பெனிகள் இரண்டு இந்தத் துறையைப் பங்குபோட்டுக்கொண்டன. கோல்ட் கம்பெனி 1904 முதல் ‘ஆபீசர்ஸ் மாடல்’ என்ற வரிசையைச் செய்தது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 1931-ல் .22 அளவில் ‘கே-22’ என்ற ரிவால்வரைக் கொண்டுவந்தது. இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் ‘மாஸ்டர்பீஸ்’ என்ற பெயரில் .22, .32, .38 ஆகிய மூன்று அளவிலும் ஒரே குடும்பமாகச் செய்தார்கள். 1957-ல் இவற்றுக்கு மாடல் எண் 17, 16, 14 என்று வந்தது. இதில் எனக்குப் பிடித்த விஷயம் எடை. துளை பெரிதானால் இரும்பு குறையும், எடை குறையும், கை மாறுபாட்டை உணரும். அதைச் சரிக்கட்டக் குழலின் மேலுள்ள பட்டையின் கனத்தை மாற்றி, மூன்றும் கிட்டத்தட்ட ஒரே எடையில் நிற்கும்படி செய்தார்கள். காலையில் .22-ல் மலிவாகப் பயிற்சி, மத்தியானம் .38-ல் போட்டி; கைக்கு வித்தியாசம் தெரியக் கூடாது. இதைப் படித்தபோது, படிக்கல்லைக் குடைந்து ஈயம் ஊற்றி எடை சரிசெய்கிற நம் தொழில்தான் நினைவுக்கு வந்தது.

ரஷ்யாவில் வேறு வழி கண்டார்கள். 1895-ன் நாகன் ரிவால்வரில், சுடும்போது உருளையே முன்னுக்கு நகர்ந்து இடைவெளியை அடைத்துவிடும். அந்த அமைப்பிலேயே பின்னாளில் போட்டிக்கான ரிவால்வர்களையும் சோவியத் நாட்டார் செய்தார்கள்.

.22, .32 என்ற கணக்கு, குழலின் குறுக்களவை அங்குலத்தின் நூறில் பங்காகச் சொல்வது. .22 என்றால் சுமார் 5.6 மில்லிமீட்டர்; .32 சுமார் 8 மில்லிமீட்டர். குண்டின் எடையை இன்றும் ‘கிரெயின்’ கணக்கில் சொல்கிறார்கள். பழைய நகைக்கடைக்காரர்களுக்குத் தெரியும், ஒரு தோலாவுக்கு 180 கிரெயின். சாதாரண .22 குண்டு 40 கிரெயின், அதாவது 2.6 கிராம். போட்டிக்கான .32 குண்டு சுமார் 100 கிரெயின், ஆறரை கிராம். ஒரு சவரன் எடைகூட இல்லை. அந்தப் போட்டிக் குண்டின் முனை கூர்மையாக இராது, தட்டையாக இருக்கும். காகிதத்தில் கம்போஸ்டர் போட்டதுபோல் சுத்தமான வட்ட ஓட்டை விழ வேண்டும், புள்ளி எண்ணுவதற்கு. அதை ‘வாட்கட்டர்’ என்பார்கள்.

சுடுதளத்தில் நடப்பது என்ன?

உலகப் போட்டிகளில் ரிவால்வருக்கு இடமுள்ள பிரிவு ‘25 மீட்டர் சென்டர் பயர்’ என்பது. .30 முதல் .38 வரையான அளவு செல்லும். ஒருவர் 60 தோட்டா சுட வேண்டும், மொத்தம் 600 புள்ளி. முதல் 30 நிதானப் பகுதி: ஐந்து தோட்டாவுக்கு ஐந்து நிமிஷம். அடுத்த 30 வேகப் பகுதி: இலக்கு 3 விநாடி முகம் காட்டும், 7 விநாடி மறைந்திருக்கும், ஒவ்வொரு முகத்துக்கும் ஒரே ஒரு தோட்டா. கையைத் தாழ்த்தி வைத்திருந்து, இலக்கு வந்தபின்தான் உயர்த்த வேண்டும். ஒரே கைதான், மற்றக் கை இடுப்பிலோ பாக்கெட்டிலோ இருக்கும்.

நிதானப் பகுதியின் இலக்கில் பத்துப் புள்ளிக்குரிய நடுவட்டம் 5 சென்டிமீட்டர் குறுக்களவு. இருபத்தைந்து மீட்டரில் அது ஒரு பொட்டு மாதிரி தெரியும். இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். துப்பாக்கியின் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே 20 சென்டிமீட்டர் என்று வையுங்கள். முன்குறி ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகி நின்றால், 25 மீட்டரில் அது 125 மடங்காகி, குண்டு பன்னிரண்டரை சென்டிமீட்டர் தள்ளிப் போகும். பத்து கிடைக்க வேண்டிய இடத்தில் ஆறோ ஐந்தோதான். ஆகவேதான் பயிற்சியாளர்கள், “இலக்கைப் பார்க்காதே, முன்குறியைப் பார்” என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். கண் ஒரே சமயத்தில் மூன்று தூரத்தைத் தெளிவாகப் பார்க்காது. முன்குறி தெளிவாகவும், இலக்கு சற்று மங்கலாகவும் இருப்பதே சரி. பலனை நோக்காமல் செயலை நோக்கு என்று பெரியவங்க சொல்றதைக் கண் பாடமாகக் கற்றுக்கொள்கிறது.

அடுத்தது மூச்சு. மூச்சை இழுத்துப் பாதி விட்டு, அந்தச் சின்ன நிறுத்தத்துக்குள் விசையை மெல்ல அழுத்த வேண்டும். எட்டு, பத்து விநாடிக்குள் வெடிக்கவில்லை என்றால் கையை இறக்கிவிட வேண்டும். இறக்கத் தெரிந்தவனே நல்ல சுடுநன் என்று சுடுதளத்தில் எனக்கு ஒருவர் சொன்னார். “இப்போ இப்போ” என்று ஆசைப்பட்டு இழுத்தால் அது கட்டாயம் வெளியே போகும்.

விசையின் கனத்துக்கும் விதி உண்டு. சென்டர் பயர் பிரிவில் குறைந்தது 1000 கிராம். குழலைச் செங்குத்தாகப் பிடித்து, விசையில் ஒரு கிலோ எடையை மாட்டித் தூக்குவார்கள். சுத்தியல் விழுந்துவிட்டால் அந்தத் துப்பாக்கிக்கு அனுமதி இல்லை. இதை நான் தெரிந்துகொண்ட விதம் வேடிக்கையானது. ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒரு தமிழ்ப் பெரியவர் என் கடைக்கு வந்து, முத்திரை போட்ட ஒரு கிலோ எடைக்கல் கேட்டார். “என்ன வியாபாரம் ஐயா?” என்றேன். “வியாபாரம் இல்லை, ரிவால்வர் விசையைச் சோதிக்க வேணும்” என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிறகு அவரே பில் புஸ்தகத்தின் பின்பக்கத்தில் படம் போட்டு எனக்கு எல்லாம் விளக்கினார். அவரிடம் இருந்தது பழைய .22 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன். அவரைப் பற்றி மேலும் சொல்ல வேண்டியது பின்னால் வருகிறது.

களத்தின் ஒழுங்கு பற்றி ஒரு வார்த்தை. குழல் எப்போதும் இலக்குத் திசையில் இருக்க வேண்டும். சுடும் கணம் வரை விரல் விசைமேல் படக் கூடாது. காலியான துப்பாக்கியையும் தோட்டா உள்ளதாகவே பாவிக்க வேண்டும். “நிறுத்து” என்று குரல் வந்தால் அந்த நொடியே நிறுத்தி, உருளையைத் திறந்து காலி என்று காட்ட வேண்டும். ரிவால்வரில் உருளையை வெளியே சாய்த்துவிட்டால் காலியா இல்லையா என்பது யார் கண்ணுக்கும் தெரியும்.

நம் நாட்டுக் கதை

1878-ல் லிட்டன் பிரபு காலத்தில் வந்த ஆயுதச் சட்டம், இந்தியர்கள் லைசென்ஸ் இல்லாமல் ஆயுதம் வைத்திருப்பதைத் தடுத்தது. ஐரோப்பியர்களுக்கு விலக்குக் கொடுத்தது. இந்த அவமானம் நம் தலைவர்கள் மனத்தில் வெகுகாலம் உறுத்தியது. அகிம்சையைக் கொடியாகப் பிடித்த காங்கிரஸே 1931 கராச்சி மாநாட்டுத் தீர்மானத்தில், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருப்பதைக் குடிமக்கள் உரிமைகளில் ஒன்றாகச் சேர்த்தது. ஆனால் 1950 அரசியல் சட்டத்தில் அது அடிப்படை உரிமையாக இடம் பெறவில்லை. 1959-ன் ஆயுதச் சட்டப்படி அது அரசு தரும் அனுமதி மட்டுமே.

1951-ல் இந்திய தேசிய ரைபிள் சங்கம் தொடங்கியது. அதன் நிறுவனர், முதல் தலைவர் யார் தெரியுமா? முதல் மக்களவையின் சபாநாயகர் ஜி.வி. மாவ்லங்கர், அகமதாபாத்தில் காந்தியடிகளோடு நெருங்கிப் பணியாற்றியவர். அகிம்சைக்கும் குறி பார்த்துச் சுடுவதற்கும் ஜன்மப் பகை என்று அவர் நினைக்கவில்லை.

சொந்த உபயோகத்துக்குத் துப்பாக்கி இறக்குமதி செய்வது 1980களின் நடுப்பகுதியில் ஏறத்தாழ நின்றுபோனது. தேர்ச்சி பெற்ற விளையாட்டு வீரர்களுக்கு மட்டும் வழி உண்டு. ஆகவே அதற்கு முன் வந்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸன், கோல்ட், வெப்லி ரிவால்வர்களுக்கு நம் நாட்டில் அசாத்திய விலை. ராணுவ அளவுகளான .38, .455, 9 மில்லிமீட்டர் ஆகியவை பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்டவை. எனவே .32 இங்கே பிரபலமானது. கான்பூர் அரசுத் தொழிற்சாலை, பழைய வெப்லி அமைப்பை ஒட்டி, நடுவில் மடங்கித் திறக்கும் .32 ரிவால்வரைச் செய்கிறது. 2014-ல் எடை குறைந்த ‘நிர்பீக்’, 2023-ல் உருளை பக்கவாட்டில் திறக்கும் ‘பிரபல்’ ஆகியவையும் கான்பூரிலிருந்து வந்தன. இவை தற்காப்புக்கென்று விற்கப்படுபவை. நான் மேலே சொன்ன குறிக்கான கைவேலை இவற்றின் நோக்கமல்ல.

சென்டர் பயர் பிரிவில் நம் நாட்டின் பெரிய பெயர் ஜஸ்பால் ராணா. 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் பெற்றார். 2006 தோஹாவில் 600-க்கு 590 எடுத்து அன்றைய உலக சாதனையைச் சமன் செய்தார். அவரிடம் பயிற்சி பெற்ற மனு பாக்கர் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இரண்டு வெண்கலம் பெற்றார். இக்காலத்தார் கையில் இருப்பது தானியங்கிப் பிஸ்டல்கள்தான். பத்து விநாடிக்குள் ஐந்து தோட்டா சுட வேண்டிய ‘ஸ்டாண்டர்டு பிஸ்டல்’ போன்ற பிரிவுகளில், ஒவ்வொரு தடவையும் கட்டைவிரலால் சுத்தியலை இழுக்க நேரம் ஏது? அதனால் ரிவால்வர் மெல்லப் பின்னுக்குப் போய்விட்டது.

நம் பக்கத்திலும் களம் இருக்கிறது. 2015 ஜனவரி 31 முதல் பிப்ரவரி 14 வரை கேரளத்தில் 35-வது தேசிய விளையாட்டு நடந்தபோது, தொடக்க விழா நம் காரியவட்டம் மைதானத்தில். வீரர்கள் தங்கும் கிராமத்தை நம் கழக்கூட்டத்தை அடுத்த மேனம்குளத்தில்தான் அமைத்தார்கள். துப்பாக்கி சுடுதலுக்காக வட்டியூர்க்காவில் தளம் கட்டினார்கள். பஸ்ஸில் போய்த் திரும்பக்கூடிய தூரத்தில் நமக்கு அது கிடைத்தது.

வீட்டில் ஒன்று இருந்தால்

இனி, நம் குடும்பங்களுக்கு மிக அவசியமான பகுதி. மேலே சொன்ன பெரியவர் திடீரென்று காலமானார். பிள்ளை வெளிநாட்டில். ஒரு மாதம் கழித்து அந்த அம்மா பீரோவைத் திறக்க, துணியில் சுற்றிய ரிவால்வரும் ஒரு டப்பா தோட்டாவும் இருந்தன. “இதை யாரிடம் கொடுக்கிறது? போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனால் என்னைப் பிடிச்சு வைப்பாங்களா?” என்று என்னிடம் வந்து அழுதார்கள். பக்கத்து வீட்டார் ஒருவர், “யாருக்கும் தெரியாம காயல்ல போட்டுடுங்க” என்று யோசனை சொல்லியிருக்கிறார். வக்கீலைக் கேட்டு முறைப்படி செய்தோம். நிலையத்துக்கு முதலில் எழுத்து மூலம் தகவல், பிறகு ஒப்படைப்பு, கையில் ரசீது. யாரும் யாரையும் பிடிக்கவில்லை. பின்னர் அது உரிமம் பெற்ற வியாபாரி ஒருவரின் காப்பறைக்கு மாறியது. மகன் வந்து விற்றுக் கணக்கை முடித்தார்.

சட்டம் சொல்வதைச் சுருக்கமாகத் தருகிறேன்.

லைசென்ஸ் என்பது ஆளுக்கு, குடும்பத்துக்கு அல்ல. அப்பா பேரில் உள்ள துப்பாக்கி அம்மாவுக்கோ மகனுக்கோ தானாக உரிமையாகாது. உரிமையாளர் இறந்தால், உரிமம் ரத்தானால், காலாவதியானால், தேவையற்ற தாமதமின்றி அருகிலுள்ள போலீஸ் நிலையத்திலோ உரிமம் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும் என்கிறது சட்டத்தின் 21-ஆம் பிரிவு. ஒப்படைத்தால் உரிமை போய்விடாது. குறித்த காலத்துக்குள் வாரிசு தன் பேரில் உரிமம் பெற்றுத் திரும்ப வாங்கலாம், அல்லது உரிமம் உள்ளவருக்கு விற்கலாம். காலம் கடந்தால்தான் அரசுக்குப் போகும்.

2016 ஆயுத விதிகளில் நல்ல வசதி ஒன்று உண்டு. உரிமையாளருக்கு 70 வயது ஆனாலோ, துப்பாக்கியை 25 வருஷம் வைத்திருந்தாலோ, எது முந்தியதோ அப்போதே, உயிரோடு இருக்கையிலேயே தன் வாரிசு ஒருவருக்கு அதை மாற்றித் தர விண்ணப்பிக்கலாம். பெரியவர்கள் உயில் எழுதுவதோடு இதையும் முடித்துவிட்டால் வீட்டுப் பெண்களுக்குப் பின்னால் கலக்கம் இராது.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இன்னொன்று முக்கியம். துப்பாக்கியோடு நிரந்தரமாகவோ ஆறு மாதத்துக்கு மேலோ வேறு ஊருக்குக் குடிபெயர்ந்தால், 30 நாளுக்குள் உரிமம் கொடுத்த பழைய அதிகாரிக்கும் புதிய ஊர் அதிகாரிக்கும் தெரிவிக்க வேண்டும். உரிமம் எந்தப் பகுதிக்குச் செல்லும் என்று அதிலேயே எழுதியிருக்கும். திருநெல்வேலியில் வாங்கிய உரிமம் திருவனந்தபுரத்துக்கும் சேர்த்துத்தானா என்று எடுத்துப் பாருங்கள்.

2019 திருத்தத்தால் உரிமக் காலம் மூன்று வருஷத்திலிருந்து ஐந்தாயிற்று. ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கி மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தது. பரம்பரையாக வந்ததும் இந்தக் கணக்கில் அடக்கம். தேசிய அளவில் தேறிய வீரர்களுக்குத் தனிச் சலுகைகள் உண்டு. உரிமமின்றி வைத்திருந்தால் இரண்டு முதல் ஐந்து வருஷம் வரை சிறை. கல்யாணத்தில் சந்தோஷத்துக்குச் சுட்டு ஆபத்து விளைவித்தால் இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

“ரொம்பப் பழசு, வேலை செய்யாது” என்று சிலர் அலட்சியமாகச் சொல்வாங்க. பழுது பார்த்தாலும்கூடச் சுட முடியாத பழம்பொருளுக்குச் சட்டத்தின் 45-ஆம் பிரிவில் விலக்கு இருப்பது உண்மை. ஆனால் அப்படிப்பட்டதா என்று தீர்மானிப்பது அதிகாரிகள். நாமோ நம் மச்சானோ அல்ல.

விரதக் கண்ணோட்டம்

இப்போது முதல் கேள்விக்கு வருகிறேன். சமண நூலார் ஹிம்சையை நான்காகப் பிரிப்பார்கள். வேண்டுமென்றே செய்வது சங்கல்ப ஹிம்சை. சமையல், வீடு கட்டுதல் போன்ற வீட்டு வேலையில் நேர்வது ஆரம்ப ஹிம்சை. பயிர்த்தொழில் முதலான பிழைப்பில் நேர்வது உத்யோக ஹிம்சை. தற்காப்பில் நேர்வது விரோதி ஹிம்சை. இல்லறத்தான் முதலாவதை அறவே விட வேண்டும். மற்றவற்றை இயன்ற மட்டும் குறைக்க வேண்டும். காகித வட்டத்தைச் சுடுவதில் இந்த நான்கில் எதுவும் தானாக வருவதில்லை. ஆனால் கதை அங்கே முடியவில்லை.

ஆசாரிய சமந்தபத்திரர் அருளிய இரத்தினகரண்டக சிராவகாசாரமும், அதை ஒட்டித் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பும், ‘அநர்த்த தண்டம்’ என்ற பயனற்ற தீமையை ஐந்தாக வகுக்கின்றன. அதில் ஒன்று ஹிம்சாதானம்: கத்தி, கோடரி, நெருப்பு, நஞ்சு, விலங்கு முதலான தீங்குக் கருவிகளைப் பிறர் கைக்குக் கொடுத்தல். இன்னொன்று பிரமாதசரியை: அசட்டையாக நடத்தல். இந்த இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் பூட்டாத பீரோவில் கிடக்கும் ரிவால்வரின் கணக்கு விளங்கும். பேரன் எடுத்தாலும், திருடன் எடுத்தாலும், மனம் கலங்கிய உறவுக்காரர் எடுத்தாலும், நாம் கையால் கொடுக்காவிட்டாலும் கொடுத்ததாகவே ஆகும். ஆகவே துப்பாக்கி வைத்திருப்பவருக்கு நான் சொல்வது இதுதான்: சுடுதளத்துக்குப் போகிறீர்களா, பூட்டும் உரிமமும் சரியாக வைத்து, தோட்டாவைத் தனியே பூட்டிப் பயிற்சி செய்யுங்கள். போகவில்லையா, கௌரவத்துக்காக வைத்திராமல் ஒப்படைத்துவிடுங்கள். கைவேலை எவ்வளவு உயர்ந்ததாயினும், சுடுதளமும் காவலும் இல்லாத ரிவால்வர் வீட்டுக்குச் சுமை.

பிள்ளைகள் கேட்டால்

21 வயதுக்கு முன் உரிமம் கிடையாது. பயிற்சிக்கு மட்டும் மேற்பார்வையில் விதிவிலக்கு உண்டு. ரிவால்வரில் தொடங்க வேண்டிய அவசியமே இல்லை. 4.5 மில்லிமீட்டருக்கு மேற்படாத அளவும் 20 ஜூலுக்கு மேற்படாத வேகச் சக்தியும் உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு மத்திய விதிப்படி உரிமம் தேவையில்லை. பத்து மீட்டர் ஏர் பிஸ்டலில் முன்குறி, மூச்சு, விசை என்ற மூன்று பாடமும் அப்படியே இருக்கின்றன. ஆனால் அதையும் அங்கீகாரம் பெற்ற சங்கத்தின் தளத்தில் பயிற்சியாளர் முன்னிலையில் மட்டுமே சுட வேண்டும். மொட்டை மாடியில் காக்கையைக் குறிபார்க்க அல்ல. அதுதான் சங்கல்ப ஹிம்சை!

கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன், 2019 ரியோ உலகக் கோப்பையில் பத்து மீட்டர் ஏர் ரைபிளில் தங்கம் பெற்றார். டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக்குகளில் நாட்டுக்காக நின்றார். நம்மைப்போல் வெளிமாநிலத்தில் குடியேறிய தமிழ்க் குடும்பத்துப் பெண். அவரது பெற்றோர் பயந்து தடுத்திருந்தால் அந்தப் பெயரை நாம் கேட்டிருக்க மாட்டோம்.

ஆகவே சங்க அன்பர்களுக்கு என் விண்ணப்பம் இரண்டு. உங்கள் பிள்ளை ஆசைப்பட்டால் ஒருநாள் வட்டியூர்க்காவுக்குக் கூட்டிப்போய்ப் பார்வையாளராக நின்று பாருங்கள். சத்தத்தைவிட அங்கே நிலவும் அடக்கம் உங்களுக்குப் பிடிக்கும். உங்கள் வீட்டிலோ ஊரிலுள்ள பெரியவர் வீட்டிலோ பழைய துப்பாக்கி இருந்தால், அடுத்த முறை ஊருக்குப் போகும்போது உரிமப் புத்தகத்தை எடுத்துத் தேதி, முகவரி, பெயர் மூன்றையும் சரிபாருங்கள். மங்களகரமான காரியங்களுக்கு நாள் பார்ப்போம். இதற்கு நாள் பார்க்க வேண்டாம்.

அறம் வளர்க. அனைவரும் நலமுடன் வாழ்க.